கார் ஸ்பீக்கர் எதை வாங்கலாம்? சேலம், ஏற்காடு பக்கம் ஓட்டுபவர்களுக்கான கேள்வி பதில்

சேலத்தில் ஒரு கார் ஆக்சஸரீஸ் கடைக்குப் போய் நல்ல ஸ்பீக்கர் வேண்டும் என்று கேட்டால், மேசையில் ஏழெட்டு டப்பா வந்துவிடும். எல்லாவற்றிலும் பெரிய எழுத்தில் வாட் கணக்கு இருக்கும். உங்கள் வண்டிக்கு எது பொருந்தும் என்பது எதிலும் எழுதியிருக்காது. நண்பர்களும் சொந்தக்காரர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதுகிறேன். நகருக்குள் வேலைக்குப் போய்வருபவரும், கோவை, பெங்களூரு ரோட்டில் அடிக்கடி ஓடுபவரும், ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு ஏறுபவரும் மனதில் இருக்கிறார்கள்.

கோஆக்சியல், காம்போனென்ட் என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

கோஆக்சியலில் எல்லாம் ஒரே சட்டத்துக்குள் இருக்கும். பெரிய கூம்பு அடி ஒலியையும் நடு ஒலியையும் தரும். மேல் ஒலிகளுக்கான சின்ன ட்வீட்டர் அதன் நடுவிலேயே நிற்கும். பழைய ஸ்பீக்கரைக் கழற்றிய இடத்தில் இதை வைத்து ஸ்குரூவை முறுக்கினால் வேலை முடிந்தது. காம்போனென்ட் செட்டில் வூஃபர் (அந்தப் பெரிய கூம்பு) தனி, ட்வீட்டர் தனி. எந்த ஒலி எதற்குப் போக வேண்டும் என்று பிரித்து அனுப்ப க்ராஸ்ஓவர் என்ற சிறு பெட்டியும் கூட வரும். விலை குறைந்த செட்டுகளில் அந்தப் பெட்டிக்குப் பதிலாக ட்வீட்டர் வயரில் ஒரு கெபாசிட்டர் மட்டும் தொங்கும்.

மேல் ஒலிகள் நேர்கோட்டில் பாய்பவை; வழியில் எது இருந்தாலும் அதில் பட்டு மங்கிவிடும். கார் கதவின் ஸ்பீக்கர் நம் கெண்டைக்கால் உயரத்தில் இருக்கிறது. ட்வீட்டரும் அங்கேயே இருந்தால், பாடகர் நம் காலடியில் உட்கார்ந்து பாடுவது போல இருக்கும். அதே ட்வீட்டரை முன் கண்ணாடியோரத் தூணிலோ, சைடு மிரர் அருகே உள்ள முக்கோணத்திலோ வைத்தால் குரல் டேஷ்போர்டு உயரத்துக்கு எழும்பிவிடும். புல்லாங்குழல், வயலின், வீணை கேட்பவர்களுக்கு இது முதல் நிமிடத்திலேயே தெரியும்.

அப்படியென்றால் காம்போனென்ட்தான் எப்போதும் நல்லதா?

இல்லை. மலிவான காம்போனென்ட் செட்டைவிட, அதே விலையில் கிடைக்கும் நல்ல கோஆக்சியல் பல சமயம் தெளிவாகப் பாடும். ஒரே பணத்தில் ட்வீட்டர், வூஃபர், க்ராஸ்ஓவர், அதற்கான வயர், பொருத்தும் கூலி என்று பிரித்தால் ஒவ்வொன்றிலும் தரம் குறையத்தான் செய்யும். ட்வீட்டர் வைக்க வண்டியில் இடமே இல்லை, தூணில் ஓட்டை போடவும் மனமில்லை என்றால் கோஆக்சியலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முன்பக்கம் ட்வீட்டருக்கென்று கம்பெனியே இடம் விட்டிருந்தால் காம்போனென்ட் பக்கம் போவது நியாயம்.

ஒரு எச்சரிக்கை. கர்ட்டன் ஏர்பேக் (பக்கக் கண்ணாடிகளை மறைத்துத் திரைபோல் விரிவது) உள்ள வண்டிகளில் முன் தூணின் உறையை வெட்டவோ, அதன்மேல் எதையும் ஒட்டவோ விடாதீர்கள். ஏர்பேக் விரியும் வழி அது. அப்படிப்பட்ட வண்டிகளில் மிரர் முக்கோணமே பாதுகாப்பான இடம்.

3-வே, 4-வே, 5-வே என்று போட்டிருக்கிறதே, எண் கூடக் கூட நல்லதா?

கோஆக்சியலில் 2-வே போதும். அதற்கு மேல் சேர்க்கும் குட்டி ட்வீட்டர்கள் பெரும்பாலும் கூம்பின் முன்னால் நின்று ஒலியை மறைப்பவைதான். நடு ஒலிக்கென்று தனி ஸ்பீக்கரோடு (மிட்ரேஞ்ச்) வரும் 3-வே காம்போனென்ட் வேறு விஷயம். அதற்கு ஸ்பீக்கருக்குச் சக்தி கொடுக்கும் தனி ஆம்ப்ளிஃபயர் (ஆம்ப்), ஒலியை டிஜிட்டலாகச் சீரமைக்கும் டி.எஸ்.பி, பொறுமையான ட்யூனிங் எல்லாம் வேண்டும்.

டப்பாவில் 300 வாட், 500 வாட். என் ஸ்டீரியோவில் 4×50 வாட். எதை நம்புவது?

இரண்டையும் விட்டுவிட்டு ஆர்.எம்.எஸ் என்ற வரியைத் தேடுங்கள். தொடர்ந்து தாங்கும் சக்தி அதுதான். 500 வாட் என்று போட்ட டப்பாவின் பின்பக்கம் சின்ன எழுத்தில் 60 வாட் ஆர்.எம்.எஸ் இருந்தால், அது 60 வாட் ஸ்பீக்கர். ஆம்ப் வாங்கும்போது சி.டி.ஏ-2006 என்ற பொதுத் தர முறைப்படி அளந்த கணக்கு என்று குறித்திருந்தால் அந்த எண்ணை நம்பலாம்.

ஸ்டீரியோவின் 4×50 என்பதும் உச்சக் கணக்குதான். கார் பேட்டரியின் மின்னழுத்தத்தை வைத்து, தனி பவர் சப்ளை இல்லாத ஸ்டீரியோவுக்குள் இருக்கும் சிப்பால் ஒரு சேனலுக்கு ஏறக்குறைய 20 வாட்தான் சுத்தமாகத் தர முடியும். எந்த பிராண்டாக இருந்தாலும் இதே கதை.

அதனால் ஆம்ப் போடாதவர்கள் பார்க்க வேண்டிய எண் வாட்டே அல்ல, சென்சிட்டிவிட்டி. 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது என்பது அது. 88 டெசிபல் ஸ்பீக்கரும் 91 டெசிபல் ஸ்பீக்கரும் பார்க்க ஒன்றுபோல இருக்கலாம். ஆனால் அந்த 3 டெசிபலை ஈடுகட்ட முதலாவதுக்கு இரண்டு மடங்கு சக்தி தேவை. கையில் 20 வாட்தான் இருக்கிறது என்றால் 90-க்கு மேல் உள்ளதை எடுங்கள்.

ஆம்ப் கட்டாயமா?

நகருக்குள் மெதுவாக ஓட்டி, நடுத்தர சத்தத்தில் கேட்பவருக்குக் கட்டாயம் இல்லை. பெங்களூரு போகும் 44, கோவை போகும் 544 இரண்டிலும் அடிக்கடி ஓடுபவருக்கு நிலைமை வேறு. 90 கிலோமீட்டர் வேகத்தில் டயர் இரைச்சலும் காற்றும் அடி ஒலியை அப்படியே விழுங்கிவிடும். அதைத் தாண்டிக் கேட்க வால்யூமை ஏற்றுவோம்; ஸ்டீரியோவின் சக்தி தீர்ந்து அலையின் தலை வெட்டுப்படும். காதுக்கு அது கரகரப்பாகவும் எரிச்சலாகவும் வரும். ட்வீட்டருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் எரிந்துபோவது பெரும்பாலும் இப்படித்தான். 20 வாட்டில் திணறும் ஸ்டீரியோவைவிட 50 வாட் ஆர்.எம்.எஸ் தரும் 4 சேனல் ஆம்ப்தான் ஸ்பீக்கருக்குப் பாதுகாப்பு.

ஆம்ப் போட்டால் வயரில் கஞ்சத்தனம் வேண்டாம். 4×50 வாட் முழுசாக ஓடினால் பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 20 ஆம்பியர் இழுக்கும். பேட்டரி முனையிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ஃபியூஸ் ஆம்ப் பக்கத்தில் மட்டும் இருந்தால் நடுவில் வயர் உரசி பாடியில் பட்டாலும் அது காப்பாற்றாது. தீப்பிடிக்கும் வழி அது. அலுமினியத்தின்மேல் செம்பு பூசிய வயருக்கும் முழுச் செம்பு வயருக்கும் வெளித்தோற்றம் ஒன்றுதான். முனையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். அதைப் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு அளவு தடிமன் கூட்டி வாங்க வேண்டும்.

என் வண்டிக்கு எந்த அளவு பொருந்தும்?

முன் கதவில் பெரும்பாலும் 6.5 இஞ்ச், சின்ன வண்டிகளில் 5.25 அல்லது 4 இஞ்சும் உண்டு. விட்டத்தைவிட ஆழத்தைக் கவனியுங்கள். காந்தம் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தால், கண்ணாடியை இறக்கும்போது இடிக்கும். கடையில் பொருத்திய உடனே, கதவு பேடை மாட்டுவதற்கு முன், கண்ணாடியை முழுக்க இறக்கி ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

பின்னால் 6×9 இஞ்ச் முட்டை வடிவ ஸ்பீக்கர் போடலாமா? எல்லாரும் அதைத்தானே போடுகிறார்கள்?

செடானில் பின் கண்ணாடிக்குக் கீழே இரும்புத் தட்டு இருக்கிறது. அங்கே 6×9 நன்றாகவே பேசும், டிக்கி அதற்குப் பெட்டியாக உதவும். ஹேட்ச்பேக்கின் பார்சல் ட்ரே வெறும் அட்டை. நல்ல அடி ஒலி வந்தால் ஸ்பீக்கரோடு அதுவும் சேர்ந்து அதிரும். அதைவிடப் பெரிய கவலை, திடீரென்று பிரேக் அடித்தாலோ மோதினாலோ கனமான இரண்டு காந்தங்கள் பின் சீட்டில் இருப்பவரின் கழுத்துக்குப் பின்னால் இருக்கின்றன என்பதுதான். கொண்டை ஊசி வளைவில் ஏறி இறங்கும் குடும்ப வண்டியில் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பாட்டு முன்னாலிருந்து வர வேண்டும். கையில் இருக்கும் பணத்தை முன் கதவில் போடுங்கள். பின்னால் கம்பெனி ஸ்பீக்கரே இருக்கட்டும், சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள்.

கதவுத் தகட்டின் அதிர்வை அடக்க ஒட்டும் டேம்பிங் ஷீட் வேண்டுமா, அல்லது கடைக்காரர் சேர்த்து விற்கும் சரக்கா?

வேண்டும். ஸ்பீக்கர் வகையைத் தேர்ந்தெடுப்பதைவிடப் பெரிய மாற்றத்தை இது தரும் என்று உறுதியாகச் சொல்வேன்.

ஸ்பீக்கர் கூம்பு முன்னால் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. முன் பக்க அலையும் பின் பக்க அலையும் ஒன்றுக்கொன்று எதிர். கதவின் உள் தகட்டில் பெரிய பெரிய ஓட்டைகள் இருப்பதால் பின் அலை அவற்றின் வழியே வெளியே வந்து முன் அலையோடு கலந்து அடி ஒலியை அழித்துவிடுகிறது. நாலாயிரம் ரூபாய் ஸ்பீக்கராக இருந்தாலும் பதினான்காயிரம் ரூபாய் ஸ்பீக்கராக இருந்தாலும் இது நடக்கும். "புது ஸ்பீக்கர் போட்டேன், பேஸே இல்லை" என்று புலம்புபவர்களின் வண்டியில் பாதிக்கு மேல் கோளாறு இங்கேதான். உள் தகட்டின் ஓட்டைகளை அடைத்து, வெளித் தகட்டின் உள்முகத்தில் ஸ்பீக்கருக்கு நேர் பின்னால் ஷீட் ஒட்டி, ஸ்பீக்கர் விளிம்பைச் சுற்றி ஸ்பாஞ்ச் பட்டை வைத்தால் கதவே ஒரு பெட்டியாக மாறும். கதவை மூடும் சத்தம்கூட மாறும். டயர் இரைச்சல் குறைவது கூடுதல் லாபம்.

நம் ஊருக்கு இதில் இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று வெயில். சித்திரை வெயிலில் புதிய பஸ் ஸ்டாண்ட் பக்கம் நாள் முழுக்க நிறுத்திய வண்டியின் கதவுத் தகட்டில் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில், மாடிக்கு ஒட்டும் தார் ஷீட்டை வெட்டி ஒட்டியிருந்தால் அது இளகி இறங்கும், வண்டிக்குள் தார் வாடையும் அடிக்கும். பியூட்டைல் ரப்பரில் செய்து அலுமினியத் தாள் போர்த்திய, 2 மில்லிமீட்டர் வாக்கில் தடிமன் உள்ள ஷீட்தான் தாங்கும். ஒட்டும் முன் தகட்டைத் துடைத்து எண்ணெய்ப் பசை எடுத்து, ரோலர் வைத்து அழுத்த வேண்டும்.

இன்னொன்று தண்ணீர். கண்ணாடி வழியே வழியும் மழைத்தண்ணீர் கதவுக்குள்தான் இறங்குகிறது. கதவின் அடியில் உள்ள துளைகள் வழியே வெளியே போகிறது. அவசரத்தில் அந்தத் துளைகளின்மேலும் ஷீட்டை ஒட்டிவிட்டால் தண்ணீர் உள்ளேயே தேங்கும். ஏற்காட்டில் குடியிருப்பவர்கள் மாதக்கணக்கில் மழையிலும் பனிமூட்டத்திலும் ஓட்டுகிறார்கள். கதவின் அடி துருப்பிடிக்க அவ்வளவே போதும்.

வெயிலும் ஈரமும் ஸ்பீக்கரைக் கெடுக்குமா? எந்தப் பொருளில் வாங்குவது?

கூம்பைச் சுற்றி இருக்கும் மடிப்பு வளையத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். ஃபோம் என்றால் வாங்காதீர்கள். சூட்டிலும் ஈரத்திலும் சில வருடங்களில் உதிர்ந்துவிடும். ரப்பர் நீடிக்கும். கூம்பு பாலிப்ரொப்பிலீனாக இருந்தால் ஈரத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். காகிதக் கூம்புக்கு இயல்பான குரல் உண்டு, எனக்கும் பிடிக்கும். ஆனால் மேல்பூச்சு உள்ளதாகப் பாருங்கள்.

ஸ்பீக்கருக்கு அடியில் வைக்கும் வளையத்தை எம்.டி.எஃப் பலகையில் வெட்டித் தருவார்கள். தண்ணீர் பட்டால் அது ஊறிப் பொரிந்துவிடும். பிளாஸ்டிக் வளையம் கேளுங்கள். கிடைக்காவிட்டால் பலகையை எல்லாப் பக்கமும் பெயின்ட் அடித்த பிறகு பொருத்தச் சொல்லுங்கள்.

ட்வீட்டரில் பட்டு டோம் மென்மை, உலோக டோம் பளிச். நம் காது மிகக் கூர்மையாக இருப்பது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையில். நாதஸ்வரமும் உச்சஸ்தாயிப் பாட்டும் அங்கேதான் பலமாக ஒலிக்கின்றன. கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒலியும் சேரும்போது பளிச்சென்ற ட்வீட்டர் அரை மணி நேரத்தில் தலையை வலிக்கச் செய்யும். நான் பட்டு டோம் பக்கம்.

சப்வூஃபர் எந்த வகை?

ஆழமான அடி ஒலிக்கு மட்டும் உள்ள ஸ்பீக்கர் சப்வூஃபர். முழுக்க மூடிய சீல் பெட்டி, காற்று போய்வரக் குழாய் வைத்த போர்ட் பெட்டி, சீட்டுக்கு அடியில் போகும் தட்டை சப்வூஃபர் என்று மூன்றும் நடைமுறையில் உள்ளவை. சீல் பெட்டியில் அடி அடித்த இடத்தில் நிற்கும். தவிலின் தொப்பிப் பக்கமும் மிருதங்கமும் குழையாமல் வரும். போர்ட் பெட்டி அதே ஆம்ப்புக்குக் கூடுதல் சத்தம் தரும், இடமும் கூடுதலாகப் பிடிக்கும். பெட்டியின் கன அளவையும் குழாய் நீளத்தையும் அந்த ஸ்பீக்கருக்கென்று கணக்குப் போட்டுச் செய்யாவிட்டால் ஒரே ஸ்வரத்தில் உறுமிக்கொண்டிருக்கும். ரெடிமேட் போர்ட் பெட்டிகளில் இந்தக் குறை நிறையக் காண்கிறேன்.

டிக்கியில் அரிசி மூட்டையும் மாம்பழக் கூடையும் போக வேண்டும் என்பவர்களுக்கு சீட்டடி சப்வூஃபர் போதும். ஆம்ப் உள்ளேயே இருக்கும், பெரும்பாலும் 8 இஞ்ச். மிக ஆழத்துக்குப் போகாது, ஆனால் நெடுஞ்சாலையில் டயர் விழுங்கும் பகுதியை நிரப்பிக் கொடுக்கும். வாங்கும் முன் சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தி, தண்டவாளத்துக்கு நடுவே உயரம் அளந்துகொள்ளுங்கள்.

எதைப் போட்டாலும் கதவு ஸ்பீக்கர்களுக்கு 80 ஹெர்ட்ஸில் ஹைபாஸ் (அதற்குக் கீழான ஒலியைத் தடுக்கும் வடிகட்டி) வையுங்கள். அடி வேலை சப்வூஃபருக்குப் போய்விட்டால் கதவு ஸ்பீக்கர் மூச்சு விட்டுப் பாடும்.

4 ஓம், 2 ஓம்?

ஓம் என்பது ஸ்பீக்கர் மின்சாரத்துக்குக் காட்டும் தடை; அது குறைந்தால் ஆம்ப்பிலிருந்து கூடுதல் மின்சாரம் இழுக்கும். ஸ்டீரியோவோ ஆம்ப்போ எதைத் தாங்கும் என்று எழுதியிருக்கிறதோ அதற்குக் கீழே போகாதீர்கள். இரண்டு 4 ஓம் ஸ்பீக்கரை ஒரே சேனலில் இணையாக (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) இணைத்தால் 2 ஓம் ஆகிவிடும். சாதாரண ஸ்டீரியோ சூடேறி அணைந்துவிடும்.

பாட்டு முழுக்க என் வலது பக்கத்திலிருந்தே வருகிறதே?

நீங்கள் வலது கதவுக்கு அருகில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒலி 1 மீட்டர் கடக்க 3 மில்லி விநாடிக்குக் கொஞ்சம் குறைவாக எடுக்கும். முதலில் வந்து சேரும் ஒலியின் பக்கம்தான் காது திரும்பும். பேலன்ஸைத் திருப்புவது அரைகுறைத் தீர்வு. ஸ்டீரியோவில் டைம் அலைன்மென்ட் (அருகில் உள்ள ஸ்பீக்கரின் ஒலியைச் சற்றுத் தாமதப்படுத்தும் வசதி) இருந்தால் டேப் வைத்து ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் காது வரை அளந்து அந்த எண்களைப் போடுங்கள். குரல் நடுவே வந்து நிற்கும். ட்வீட்டரைத் தனி சேனலில் ஓட்டினால் இன்னும் நுணுக்கமாகச் செய்யலாம், அதற்கு டி.எஸ்.பி வேண்டும்.

கடையில் எப்படிக் கேட்டுப் பார்ப்பது?

கடைச் சுவரில் பலகையில் வரிசையாக மாட்டியிருக்கும் ஸ்பீக்கர்களைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள். அது உங்கள் கதவு அல்ல. கூடவே, சத்தம் கொஞ்சம் கூடுதலாக இருப்பது எதுவும் நல்லதாகத் தோன்றும். அதனால் இரண்டையும் ஒரே அளவு சத்தத்தில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்கு மனப்பாடமான பாட்டை, நல்ல தரத்தில், பென் டிரைவில் கொண்டு போங்கள். ஒரு தனிக்குரல், ஒரு தவில் நாதஸ்வரக் கச்சேரி, தம்புராவோடு தொடங்கும் ஏதாவது ஒன்று. தம்புராவின் ரீங்காரம் தனித்தனி இழையாகக் கேட்கிறதா, வெறும் இரைச்சலாகக் கேட்கிறதா என்பதில் ட்வீட்டரின் தரம் தெரிந்துவிடும். முடிந்தால், ஏற்கெனவே அந்த ஸ்பீக்கரைப் போட்ட ஒருவரின் வண்டியில் உட்கார்ந்து கேளுங்கள்.

ஏற்காடு ஏறும்போது எஃப்.எம் விட்டு விட்டுப் போகிறதே, ஸ்பீக்கர் கோளாறா?

இல்லை. எஃப்.எம் அலை நேர்கோட்டில் வருவது. அடிவாரத்திலிருந்து ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் மலை குறுக்கே வந்துவிடும். மலையேறும்போது பென் டிரைவ்தான் சரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த வளைவுகளில் எதிரே பஸ் வருகிறதா என்பதைப் பல இடங்களில் ஹாரனை வைத்துத்தான் அறிகிறோம். ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. ஆனால் ஹாரன் காதில் விழுந்தால்தானே அது நடக்கும். கண்ணாடியை இறக்கிவிட்டு, பாட்டைப் பேச்சுக்குரல் அளவுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். நல்ல ஸ்பீக்கர் குறைந்த சத்தத்திலும் முழுசாகப் பாடும். அதைச் சோதிக்க இதைவிட நல்ல இடம் இல்லை.

ஸ்பீக்கர் மாற்றினால் வாரண்டி போய்விடுமா?

கம்பெனி வயரை வெட்டினால் மின்சாரக் கோளாறுகளுக்கு வாரண்டி மறுக்க இடம் கொடுத்தவர் ஆவீர்கள். உங்கள் மாடலுக்கேற்ற கப்ளர் (கம்பெனி வயரில் செருகும் இணைப்பான்) கிடைக்கும். அதை வாங்கி இடையில் செருகினால் வெட்டத் தேவையில்லை. "கப்ளர் வேண்டாம், நான் வெட்டி ஒட்டித் தருகிறேன்" என்று சொல்லும் இடத்தில் வேலையைக் கொடுக்காதீர்கள். கம்பெனி ஸ்டீரியோவை அப்படியே வைத்துக்கொண்டு ஆம்ப் சேர்க்கவும் வழி உண்டு. ஹை லெவல் இன்புட் உள்ள ஆம்ப் வாங்கினால் ஸ்பீக்கர் வயரிலிருந்தே சிக்னல் எடுத்துக்கொள்ளும்.

ஆக்சிலேட்டர் மிதித்தால் ஸ்பீக்கரில் விசில் மாதிரி ஒரு சத்தம் ஏறுகிறதே?

ஆல்டர்னேட்டரின் இரைச்சல் அது. பெரும்பாலும் ஆம்ப்பின் எர்த் சரியில்லாததால் வருவது. பெயின்ட்டைச் சுரண்டி வெறும் தகட்டில் எர்த்தை இறுக்கச் சொல்லுங்கள், பாட்டு சிக்னல் போகும் ஆர்.சி.ஏ வயரை ஒரு பக்கமும் பவர் வயரை மறுபக்கமும் கொண்டு போகச் சொல்லுங்கள்.

பணம் கொஞ்சம்தான் இருக்கிறது. எதை முதலில் செய்வது?

முன் இரண்டு கதவுக்கு ஷீட்டும், சென்சிட்டிவிட்டி அதிகமுள்ள ஒரு ஜோடி நல்ல கோஆக்சியலும். இதோடு ஆறு மாதம் கேளுங்கள். நெடுஞ்சாலையில் போதவில்லை என்று தோன்றினால் அடுத்து 4 சேனல் ஆம்ப். அதன் இரண்டு சேனலை முன்பக்கத்துக்குக் கொடுத்து, மற்ற இரண்டைப் பின்னால் வரப்போகும் சின்ன சப்வூஃபருக்காக விட்டு வைக்கலாம். ஸ்டீரியோவைக் கடைசியில் மாற்றினால் போதும். பெரிய தொடுதிரையை முதலில் வாங்கிவிட்டு, ஸ்பீக்கருக்குப் பணம் இல்லாமல் போனவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

கழற்றிய கம்பெனி ஸ்பீக்கரை என்ன செய்வது?

ஸ்குரூவோடு சேர்த்துக் கேட்டு வாங்கி, துணியில் சுற்றிப் பரணில் வையுங்கள். வண்டியை விற்கும்போது அதைத் திரும்ப மாட்டிக் கொடுத்துவிட்டு, உங்கள் ஸ்பீக்கரை அடுத்த வண்டிக்கு எடுத்துப் போகலாம்.